பிஆர்டியூவா, ஈடியூவா? பிரியும் செல்லை அடையாளமிட எந்தக் காரத்தை ஊட்டுவது

ஒரு திசுவில் எந்தச் செல்கள் பிரியத் தொடங்கிவிட்டன, எவை ஓய்ந்திருக்கின்றன என்று அறிய வேண்டுமானால், செல் தன் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கும் எஸ் கட்டத்திலேயே அதைப் பிடித்தாக வேண்டும். இரட்டிப்பின்போது மட்டும் டி.என்.ஏ.வுக்குள் நுழையக்கூடிய, பின்னர் நம்மால் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு காரத்தை, அதாவது டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றைப் போன்ற ஒரு பொருளை (பேஸ்), செல்லுக்கு ஊட்டுவதே அதற்கான நேரடி வழி. அடினின், குவானின், சைட்டோசின் மூன்றும் ஆர்.என்.ஏ.விலும் இடம்பெறுகின்றன, தைமின் மட்டுமே பெரும்பாலும் டி.என்.ஏ.வுக்கு உரியது. ஆகவே இந்த வேலைக்குத் தைமினின் சாயலில் அமைந்த காரங்களே பொருத்தமானவை. அவற்றுள் இன்று அதிகம் புழங்குபவை இரண்டு. 5-புரோமோயுராசில் என்னும் காரத்தைத் தாங்கிய புரோமோடிஆக்ஸியூரிடின் ஒன்று. அதைப் பிஆர்டியூ என்று அழைக்கிறோம். 5-எத்தினைல்யுராசில் என்னும் காரத்தைத் தாங்கிய எத்தினைல்டிஆக்ஸியூரிடின் மற்றொன்று, அது ஈடியூ.

ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்கள் இவ்விரண்டில் எது நல்லது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அப்படியே விடை சொல்ல முடியாது. காரத்தை ஊட்டிய பிறகு அந்தச் செல் எவ்வளவு காலம் உயிரோடு இருக்க வேண்டும், அதே செல்லில் வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்ற இரண்டையும் முதலில் சொல்லுங்கள் என்று திருப்பிக் கேட்பதே என் வழக்கம். இவ்விரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் தேர்வு ஏறத்தாழ முடிந்தது போலத்தான். விலை, நேரம், கையில் இருக்கும் நுண்ணோக்கி ஆகியவை அதற்குப் பிறகு வருபவை.

இரண்டு காரங்களுக்கும் தைமினுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. பிரிமிடின் வளையத்தின் ஐந்தாம் கார்பனில் தைமினுக்கு ஒரு மெத்தில் தொகுதி உண்டு. அங்கே புரோமின் அணுவை வைத்தால் 5-புரோமோயுராசில். ஒரு முப்பிணைப்பால் சேர்ந்த இரண்டு கார்பன்களை வைத்தால் 5-எத்தினைல்யுராசில். அடினினோடு ஹைட்ரஜன் பிணைப்பு அமைக்கும் விளிம்பு வளையத்தின் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. ஐந்தாம் கார்பனோ இரட்டைச் சுருளின் பெரும்பள்ளத்தை நோக்கி வெளியே நீண்டிருக்கிறது. புரோமின் அணுவின் பருமனும் மெத்தில் தொகுதியின் பருமனும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், டி.என்.ஏ.வைக் கட்டும் பாலிமரேஸ் நொதி பிஆர்டியூவைத் தைமிடின் (தைமினும் ஒரு சர்க்கரையும் சேர்ந்தது) என்றே எடுத்துக்கொள்கிறது. எத்தினைல் தொகுதி சற்று நீளமானது, ஆனால் நேர்க்கோடு போல மெலிந்தது; அதுவும் தடையின்றி உள்ளே போகிறது.

உள்ளே போவதற்கு ஒரு வாயில் உண்டு. இரண்டையும் தைமிடின் கைனேஸ் நொதி பாஸ்பேட் ஏற்றிக் கொடுத்தால்தான் பாலிமரேஸால் பயன்படுத்த முடியும். இந்த நொதி இல்லாத செல்லில் இரண்டும் பயனற்றவை. ரொட்டி ஈஸ்ட்டில் இந்த நொதி இயற்கையாகவே கிடையாது; ஹெர்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் மரபணுவையும், நியூக்ளியோசைடை (சர்க்கரையோடு சேர்ந்த காரத்தை) உள்ளே கடத்தும் ஒரு புரதத்தின் மரபணுவையும் புகுத்திய ஈஸ்ட் வகைகளில்தான் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். தைமிடின் கலந்த வளர்ப்பு ஊடகமும் இதே போன்றதொரு சிக்கல்: அசல் தைமிடின் மிகுந்திருக்கும்போது போலிக்கு இடம் கிடைப்பதில்லை. அடையாளம் விழவில்லை என்று காரத்தின் மீது பழி போடுவதற்கு முன் இவ்விரண்டையும் சரிபார்த்துவிட வேண்டும்.

ஐந்தாம் கார்பனில் அமரும் புரோமின், உருவத்தில் மெத்திலைப் போல இருந்தாலும் குணத்தில் அப்படியல்ல. அது வளையத்தின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால் 5-புரோமோயுராசில் சில வேளைகளில் வடிவம் மாறி அடினினுக்குப் பதிலாகக் குவானினோடு இணைந்துகொள்கிறது. அடுத்த இரட்டிப்புகளில் ஏ-டி இணை இருந்த இடத்தில் ஜி-சி இணை வந்து அமர்ந்துவிடும். சீமோர் பென்சரும் எர்ன்ஸ்ட் ஃப்ரீஸும் 1958-இல் டி4 என்னும் பாக்டீரிய வைரஸில் குறிப்பிட்ட இடங்களில் திடீர்மாற்றங்களை உண்டாக்கப் பயன்படுத்தியது இந்தக் காரத்தைத்தான். டி.என்.ஏ. எப்படி இரட்டிக்கிறது என்பதைக் காட்டிய மெசெல்சனும் ஸ்டாலும்கூட, புதிய இழையைக் கனமாக்க முதலில் எண்ணியது 5-புரோமோயுராசிலையே. பிறகுதான் நைட்ரஜன்-15-க்கு மாறினார்கள். புற ஊதா ஒளி பட்டால் புரோமின் பிரிந்து போய், அந்த இடத்தில் இழை அறுந்துவிடும் என்பது இதன் இன்னொரு குணம். இந்த மூன்று குணங்களையும் நினைவில் வைத்திருங்கள். எங்கோ ஓரிடத்தில் குறையாகத் தெரிவது வேறோர் இடத்தில் ஆய்வுக்கே அடித்தளமாக இருப்பதைப் பின்னால் பார்ப்போம்.

பிஆர்டியூ வருவதற்கு முன் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது டிரிட்டியம் ஏற்றிய தைமிடின். அது உண்மையான தைமிடினே. ஹைட்ரஜன் மட்டும் கதிரியக்கமுள்ளது. டெய்லரும் அவருடைய குழுவினரும் 1957-இல் அவரையினச் செடியான வீசியா ஃபாபாவின் வேர்நுனியில் குரோமோசோம் இரட்டிப்பைக் கண்டது இதை வைத்துத்தான். ஆனால் அதன் பீட்டாக் கதிர் மிக வலுக்குறைந்தது. ஒளிப்படப் பூச்சில் கரும்புள்ளிகள் தெரிய வாரக்கணக்கில் இருட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டும். அரை ஆயுள் 12.3 ஆண்டுகள் என்பதால் கழிவைக் கையாள்வதும் எளிதன்று. மூலக்கூறின் வடிவத்தை மாற்றாத அடையாளம் என்ற பெருமை அதற்கு இன்றும் உண்டு. ஆயினும் கதிரியக்க அனுமதி பெற்ற ஆய்வகத்துக்கு வெளியே அதைத் தேர்வாகக் கொள்ள வாய்ப்பில்லை.

ஹோவர்ட் கிராட்ஸ்னர் 1982-இல் 5-புரோமோ, 5-ஐயோடோ டிஆக்ஸியூரிடின்களைப் பற்றிக்கொள்ளும் ஒற்றைக்குல எதிர்ப்பொருளை வெளியிட்ட பிறகு நிலைமை மாறியது. வாரக்கணக்கான காத்திருப்பு ஒன்றிரண்டு நாள் வேலையாகச் சுருங்கியது. பிஆர்டியூவின் ஆகப்பெரிய இடர்ப்பாடும் அதே எதிர்ப்பொருளோடுதான் வந்தது. எதிர்ப்பொருள் ஏறத்தாழ 1,50,000 டால்டன் எடையுள்ள ஒரு பெரிய புரதம். இரட்டைச் சுருளுக்குள் அடுக்கப்பட்டிருக்கும் காரத்தை அதனால் எட்ட முடியாது. இழைகளைப் பிரித்துக் காரத்தை வெளியே கொண்டுவந்தால்தான் அது பற்றும். இழைகளைப் பிரிக்க அமிலம் வேண்டும், அல்லது வெப்பம் வேண்டும், அல்லது டி.என்.ஏ.வை ஆங்காங்கே வெட்டும் டி.என்.ஏஸ் நொதி வேண்டும்.

அமில முறையை ஒருமுறை கையால் செய்து பார்த்தவர்களுக்கு அதன் விலை புரியும். நிலைப்படுத்திய திசுச்சீவலை 2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 37 டிகிரியில் அரை மணி நேரம் மூழ்க வைத்து, பிறகு பி.எச். 8.5 உள்ள போரேட் கரைசலில் நடுநிலையாக்குகிறோம். அமிலத்திலிருந்து எடுக்கும்போது சீவலின் ஓரம் மெல்ல எழும்பி, கழுவும் கரைசலில் ஈரத் தாள் போல அசைந்தால், அந்த ஸ்லைடு போய்விட்டதென்று பொருள். பிசின் பூசிய ஸ்லைடுகள் தீர்ந்துபோன ஒரு வாரத்தில், சாதாரண ஸ்லைடே போதும் என்று நானே எடுத்த முடிவால், மூன்று வார வேலையில் சேர்த்த மூளைச்சீவல்களில் பாதியை அந்தப் போரேட் கரைசலில் மிதக்கவிட்டிருக்கிறேன். ஒட்டியிருந்த மீதியிலும் வேறொரு இழப்பு காத்திருந்தது. அந்த எலிகளின் நரம்புச் செல்களில் பச்சை ஒளிர்புரதம் இருந்தது. அமிலம் அதன் ஒளியை முழுவதுமாக அணைத்துவிட்டது. அந்தப் புரதத்துக்கென்று தனியாக ஓர் எதிர்ப்பொருள் வாங்கித்தான் மீட்க முடிந்தது.

இழப்பு அதோடு நிற்பதில்லை. உட்கருவின் பல புரதங்கள் அமிலத்தில் உருக்குலைந்து, தமக்குரிய எதிர்ப்பொருளால் அடையாளம் காண முடியாதவையாகிவிடும். டாபி போன்ற, இரட்டை இழையைப் பற்றி ஒளிரும் சாயங்கள் மங்கிவிடும். அமிலம் குறைந்தால் அடையாளம் தெரியாது. கூடினால் மற்றவை தெரியாது. ஆகவே ஒவ்வொரு திசுவுக்கும் அமிலத்தின் அளவையும் நேரத்தையும் தனித்தனியே சோதித்து நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஈடியூ. ஏட்ரியன் சாலிக்கும் டிமதி மிட்சிசனும் 2008-இல் இதை வெளியிட்டார்கள். எத்தினைல் தொகுதியின் முப்பிணைப்பு, மூன்று நைட்ரஜன் அணுக்கள் கொண்ட அசைடு தொகுதியோடு சேர்ந்தால், ஒற்றை நேர்மின்னேற்றச் செம்பின் முன்னிலையில் சில நிமிடங்களில் ஐந்தணு வளையமாகப் பூட்டிக்கொள்ளும். ஷார்ப்லெஸ், மெல்டால் ஆகியோர் தனித்தனியே கண்டறிந்த இந்த வினை, கிளிக் வேதியியல் என்ற பெயரால் அறியப்பட்டு, 2022-இல் பெர்டோசியையும் சேர்த்து மூவருக்கும் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. அசைடு ஏற்றிய ஒளிர்சாயம் பெரும்பாலும் 1,000 டால்டன் அளவிலேயே இருப்பதால், இரட்டைச் சுருளை அவிழ்க்காமலே பெரும்பள்ளத்தில் நீண்டிருக்கும் எத்தினைலைப் போய்ப் பற்றிக்கொள்ளும். அமிலம் தேவையில்லை, வெப்பம் தேவையில்லை, வினைக்கு அரை மணி நேரம் போதும்.

தயார்நிலையில் விற்கும் பெட்டிகள் இல்லாமலும் இதைச் செய்யலாம். செய்யும் முறை தெரிந்திருப்பது நல்லது. 100 மில்லிமோலார் டிரிஸ் கரைசலை பி.எச். 8.5-இல் வைத்து, அதில் 1 மில்லிமோலார் வருமாறு காப்பர் சல்பேட்டையும், சில மைக்ரோமோலார் வருமாறு அசைடுச் சாயத்தையும் கலந்து, கடைசியாக 100 மில்லிமோலார் வருமாறு அஸ்கார்பிக் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். காப்பர் சல்பேட் என்பது நம் ஊரில் மயில்துத்தம் என்று வழங்கும் அதே நீல உப்பு. அஸ்கார்பிக் அமிலம் உயிர்ச்சத்து சி. நீல உப்பில் இருக்கும் இரட்டை மின்னேற்றச் செம்பை ஒற்றை மின்னேற்றச் செம்பாகக் குறைப்பதே உயிர்ச்சத்து சி-யின் வேலை. சேர்த்தவுடன் நீலம் மறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அஸ்கார்பிக் அமிலக் கரைசல் அன்றன்று கரைத்ததாக இருக்க வேண்டும். குளிர்ப்பெட்டியில் கிடந்து மஞ்சளோ பழுப்போ ஏறிய கரைசல் காற்றால் கெட்டுவிட்டது. அதை ஊற்றினால் வினை நடக்காது, ஸ்லைடு இருட்டாகவே இருக்கும். கலவையையும் கலந்த கால் மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

இந்த வினையைக் கெடுப்பவை இரண்டு, எந்த ஆய்வகத்திலும் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. எதிர்ப்பொருள் குப்பிகளிலும் கழுவும் கரைசல்களிலும் கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு முதலாவது. அதுவும் அசைடுதான் என்பதால் சாயத்துக்கு முன் ஓடிப்போய் எத்தினைலைப் பற்றிக்கொள்ளும். ஈடிடிஏ இரண்டாவது; செம்பை அது கவ்விக்கொண்டுவிடும். கிளிக் வினைக்கு முன் ஸ்லைடுகளை வெறும் உப்புக்கரைசலில் இரண்டு மூன்று முறை நன்றாகக் கழுவினால் இரண்டும் போய்விடும்.

இவ்வளவு எளிமைக்கும் ஒரு விலை உண்டு: செம்பு. பச்சை ஒளிர்புரதத்தின் ஒளியைச் செம்பும் குறைக்கும், அமிலம் அளவுக்கு இல்லாவிட்டாலும். செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றையின் முன் ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் அதிகம் பயன்படும் ஃபைகோஎரித்ரின் சாயத்தை அது கெடுத்துவிடும் என்பதால், அச்சாயத்தால் செய்யும் நிறமேற்றலைக் கிளிக் வினைக்குப் பிறகே செய்ய வேண்டும். ஆக்டின் இழைகளைக் காட்டும் ஃபல்லாய்டினும் செம்போடு ஒத்துப்போவதில்லை. செம்பைப் பிடித்துவைத்து வினைக்கு மட்டும் விடுவிக்கும் ஈனிகளும், செம்பைத் தானே இழுத்துக்கொள்ளும் பிகோலைல் அசைடுச் சாயங்களும் வந்த பிறகு செம்பின் அளவைக் கணிசமாகக் குறைக்க முடிகிறது. பச்சை ஒளிர்புரதமும் ஈடியூவும் ஒரே செல்லில் வேண்டும் என்பவர்கள் இவற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது தகும்.

ஈடியூவுக்கு ஆதரவாக, நுண்ணோக்கியில் தெரியும் வேறுபாடு இன்னும் வலுவான சான்று. அரை மணி நேரம் மட்டும் ஈடியூ ஊட்டி உடனே நிலைப்படுத்திய செல்களை உயர்ந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். எஸ் கட்டத்தின் தொடக்கத்தில் இருக்கும் உட்கருவில் நுண்புள்ளிகள் எங்கும் நெருக்கமாகச் சிதறிக் கிடக்கும். நடுக்கட்டத்தில் அவை உட்கருவின் விளிம்பையும் உட்கருமணியின் ஓரத்தையும் சுற்றி வளையமாக நிற்கும். கடைசிக் கட்டத்தில் சில பெரிய திட்டுகள் மட்டும் இருக்கும். இப்படி ஒரே படத்திலிருந்து ஒவ்வொரு செல்லும் எஸ் கட்டத்தில் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். பிஆர்டியூவாலும் இதைக் காண முடியும். ஆனால் அமிலம் உட்கருவின் நுண்ணமைப்பைக் குலைப்பதால் அந்த நுண்புள்ளிகளின் கூர்மை மழுங்கிவிடுகிறது. தாவர வேர்நுனியிலும் இதே நிலை. செல்சுவரைத் தாண்டி எதிர்ப்பொருளை உள்ளே அனுப்ப நொதிகளால் சுவரைக் கரைக்க வேண்டியிருக்கும். சிறிய அசைடுச் சாயமோ தானே உள்ளே போகும். நிலைப்படுத்தியவுடன் பார்க்கப்போகும் சோதனை எதுவானாலும், இந்தக் காரணங்களுக்காக ஈடியூவையே எடுங்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

செல் உயிரோடு இருக்க வேண்டும் என்றால் கதை வேறு. இந்த இடத்தில்தான் அவசரமாகச் செய்த தேர்வுகள் ஆய்வையே வழிதவறச் செய்கின்றன. மெதுவாகப் பிரியும் தண்டுச் செல்களைத் தேடுகிறோம் என்று கொள்வோம். சில நாட்கள் தொடர்ந்து காரத்தை ஊட்டி, பிறகு வாரக்கணக்கில் காத்திருந்து, அடையாளம் எந்தச் செல்களில் நீர்த்துப்போகாமல் தங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் அடையாளம் பாதியாகக் குறைவதால், தங்கியிருப்பவை அரிதாகப் பிரிந்தவை. இந்த வாதம் நிற்க வேண்டுமானால், ஊட்டிய காரம் செல்லின் போக்கை மாற்றாமல் இருக்க வேண்டும். ஈடியூ அந்த நிபந்தனையை நன்றாக நிறைவேற்றுவதில்லை. நீண்ட நேரம் ஊட்டிய வளர்ப்புச் செல்களில் அது டி.என்.ஏ. சேதத்துக்கான எச்சரிக்கைப் புரதங்களைக் கிளப்பிவிடுகிறது. செல்கள் பிரிவுக்கு முன் தேங்கி நிற்கின்றன. சில வகைகள் இறந்துபோகின்றன. தைமின் உற்பத்திக்கு வேண்டிய தைமிடைலேட் சிந்தேஸ் நொதியை அது தடுப்பதும் இதற்கு ஒரு காரணம். அப்படி நின்றுபோன செல்லில் அடையாளம் நீர்த்துப்போகாமல் பளிச்சென்று இருக்கும். பார்ப்பவர் அதைத் தண்டுச் செல் என்று எண்ணிவிடுவார். உண்மையில் அது நாம் ஊட்டியதாலேயே நின்றுபோன செல்.

பிஆர்டியூ தூய்மையானது என்று இதற்குப் பொருளில்லை. வளர்ப்பிலிருக்கும் தசைமுன்செல்கள் பிஆர்டியூவில் தசையாக முதிராமல் நின்றுவிடுவதை 1964-லேயே ஸ்டாக்டேலும் ஹோல்ட்சரும் அவர்களுடைய கூட்டாளிகளும் காட்டியிருக்கிறார்கள். கருவிலிருக்கும் குட்டிகளுக்கு மிகுதியான அளவில் அது தீங்கு செய்யும். கதிர்வீச்சுக்குச் செல்களை எளிதில் ஆளாக்குவதால், புற்றுநோய்க் கதிர்சிகிச்சையோடு சேர்த்துக்கூட மனிதர்களில் அது சோதிக்கப்பட்டது. இருந்தும், மிதமான அளவில் நாட்கணக்கில் ஊட்டி வாரக்கணக்கில் காத்திருக்கும் சோதனைகளில் பிஆர்டியூ நீண்ட காலமாகப் பயன்பட்டு வருகிறது. அதன் தீங்குகள் எந்த அளவில் தொடங்குகின்றன என்பது பல திசுக்களில் தெரிந்த செய்தி. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் புற்றுக்கட்டியின் வளர்ச்சியை அளக்கப் பிஆர்டியூ ஏற்றப்பட்ட ஐந்து நோயாளிகளின் மூளைத்திசுவை, அவர்கள் இறந்த பிறகு ஆராய்ந்து, முதிர்ந்த மனித மூளையின் ஹிப்போகேம்பஸில் புதிய நரம்புச் செல்கள் பிறக்கின்றன என்று எரிக்சனும் கேஜும் 1998-இல் அறிவித்தது இந்தக் காரத்தின் துணையால்தான். நீண்ட காத்திருப்புக்கு ஈடியூவே வேண்டும் என்று கருதுபவர்கள், குறைந்த நச்சுத்தன்மை கொண்டதாக 2011-இல் வெளியிடப்பட்ட எஃப்-அரா-ஈடியூ என்னும் மாற்றுவடிவத்தை எண்ணிப்பார்க்கலாம். சர்க்கரையில் ஃபுளோரின் ஏற்றிய அது மெதுவாகவே உட்செல்லும். எனவே குறுகிய நேர ஊட்டத்துக்கு ஏற்றதன்று.

ஊட்டும் அளவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வளர்ப்புச் செல்களுக்கு 10 மைக்ரோமோலார், அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை, என்பதே தொடங்கும் அளவு. பிஆர்டியூவின் மூலக்கூறு எடை 307.1, ஒரு மில்லிலிட்டருக்கு 3.07 மில்லிகிராம் கரைத்தால் 10 மில்லிமோலார். ஈடியூவின் எடை 252.2, அதே செறிவுக்கு 2.52 மில்லிகிராம். எலிகளுக்குப் பிஆர்டியூவை வயிற்றறைக்குள் கிலோவுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை ஊசியேற்றுவது வழக்கம். இரத்தத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அது நீங்கிவிடுவதால், ஓர் ஊசி எஸ் கட்டத்தின் ஒரு சிறு துண்டை மட்டுமே பிடிக்கும். நாட்கணக்கில் ஊட்ட வேண்டுமானால் குடிநீரில் மில்லிலிட்டருக்கு 0.8 மில்லிகிராம் கலந்து, ஒளி படாத புட்டியில் வைத்து, நாள்தோறும் மாற்றுகிறார்கள். இரண்டுமே டி.என்.ஏ.வில் நுழையும் பொருட்கள் என்பதைக் கையாளும் எவரும் மறக்கக் கூடாது. கையுறையில்லாமல் தொடுவதும், மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றுவதும், எடை போடும்போது தூளைக் காற்றில் பறக்கவிடுவதும் மன்னிக்கத்தக்க பிழைகள் அல்ல.

ஈடியூவால் ஈடுசெய்ய முடியாத சில வேலைகள் பிஆர்டியூவுக்கு உண்டு. மேலே சொன்ன குணங்கள் பயன்படும் இடம் இது. ஹோக்ஸ்ட் 33258 என்னும் சாயத்தின் ஒளியைப் பிஆர்டியூ மங்கச்செய்கிறது என்று சாமுவேல் லாட் 1973-இல் காட்டினார். செல்கள் பிஆர்டியூவில் இரண்டு முறை இரட்டித்தால், ஒரு குரோமோசோமின் இரு சகோதரப் பாதிகளில் (குரோமாடிட்) ஒன்றில் ஒரு டி.என்.ஏ. இழையும் மற்றொன்றில் இரண்டு டி.என்.ஏ. இழைகளும் பிஆர்டியூ ஏந்தியிருக்கும். ஜீம்சா சாயத்தில் முன்னது கருத்தும் பின்னது வெளிறியும் தெரியும். அவை இடம் மாறிக்கொண்ட இடங்கள் கருப்பும் வெளுப்புமாகக் கட்டம் கட்டினாற்போல் நிற்கும். மரபணு நச்சைச் சோதிக்கும் ஆய்வகங்கள் இந்தப் பரிமாற்றங்களை எண்ணியும் ஒரு வேதிப்பொருளின் தீங்கை மதிப்பிட்டு வந்தன. புற ஊதா ஒளியில் இழை அறுந்துபோகும் குணத்தை வைத்து, புதிய இழையை மட்டும் அழித்துப் பழைய இழையை மட்டும் வரிசைப்படுத்தும் ஸ்ட்ராண்ட்-செக் முறை 2012-இல் வந்தது.

எதிர்ப்பொருளால் இரட்டைச் சுருளுக்குள் நுழைய முடியாது என்பதுகூட இங்கே வரமாகிறது. செல்களை ஒருநாள் பிஆர்டியூவில் வளர்த்து, டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தி, அமிலமே தொடாமல் எதிர்ப்பொருளை விட்டால், சேதத்தால் ஒற்றை இழையாகத் திறந்து கிடக்கும் இடங்கள் மட்டும் புள்ளிகளாக ஒளிரும். ஈடியூவுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அது இரட்டை இழையிலும் ஒளிர்ந்துவிடும். மறுபுறம், புதிதாகப் பிறந்த டி.என்.ஏ.வின் மீது எந்தெந்தப் புரதங்கள் அமர்கின்றன என்று அறிய விரும்புபவர், பிடி போல உதவும் பயோட்டினை ஈடியூவில் கிளிக் செய்து அந்தத் துண்டுகளை இழுத்தெடுக்கும் ஐபாண்ட் முறையைத்தான் நாட வேண்டும். அமிலத்தைத் தாண்டிய பிஆர்டியூவில் அந்தப் புரதங்கள் மிஞ்சியிராது.

எந்தக் காரத்தையும் ஊட்ட முடியாத நிலையும் உண்டு. மருத்துவமனையில் ஏற்கெனவே மெழுகில் புதைத்து வைத்த கட்டித்திசுவுக்கு இனி எதையும் ஊட்ட முடியாது. அங்கே கே.ஐ.-67 புரதத்தைப் பார்ப்பதே வழி. ஓய்வுநிலை தவிர மற்ற எல்லாக் கட்டங்களிலும் அது இருப்பதால் பிரியும் கூட்டத்தின் பருமனைச் சொல்லும். எப்போது, எவ்வளவு வேகத்தில் பிரிந்தது என்பதைச் சொல்லாது.

எதைத் தேர்ந்தாலும் காரம் ஊட்டாத ஒரு மாதிரியை மற்ற எல்லாப் படிகளுக்கும் உட்படுத்திப் பக்கத்தில் வைத்திருங்கள். ஒளி அதிலும் தெரிந்தால் நாம் பார்ப்பது காரமன்று. நாட்கணக்கில் ஊட்டும் சோதனையில் காரத்தை ஊட்டியும் ஊட்டாமலும் செல்களை வளர்த்து எண்ணிக்கையை ஒப்பிடுவதையும் விட்டுவிடக் கூடாது. நான் மேலே சொன்ன பொய்த் தண்டுச் செல்லை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது அந்த எண்ணிக்கைதான்.

இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட வேண்டிய கட்டாயமில்லாத இடமும் ஒன்று உண்டு. எஸ் கட்டம் எத்தனை மணி நேரம் நீடிக்கிறது என்று அளக்க இரண்டையும் அடுத்தடுத்து ஊட்டுகிறோம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: பிஆர்டியூவுக்கென விற்கும் எதிர்ப்பொருள்களில் பெரும்பாலானவை ஈடியூவையும் பற்றும். மோபியூ-1 என்னும் எதிர்ப்பொருள் வகை அப்படிப் பற்றுவதில்லை. அது கிடைக்காதபோது, சாயத்தைக் கிளிக் செய்த பின் எஞ்சிய எத்தினைல்களை ஒளிராத ஓர் அசைடால் அடைத்துவிட்டு எதிர்ப்பொருளுக்குப் போகலாம். ஈடியூ மட்டும் ஊட்டிய ஒரு மாதிரியில் பிஆர்டியூ எதிர்ப்பொருளை விட்டுப் பார்த்து, அங்கே எதுவும் ஒளிரவில்லை என்று உறுதிசெய்த பிறகே மேலே செல்ல வேண்டும். முதலில் ஈடியூ, ஒன்றரை மணி நேரம் கழித்துப் பிஆர்டியூ, மேலும் அரை மணி நேரம் கழித்து நிலைப்படுத்தல். ஈடியூ மட்டும் தெரியும் செல்கள் அந்த ஒன்றரை மணி இடைவெளியில் எஸ் கட்டத்தை விட்டு வெளியேறியவை. பிஆர்டியூ தெரியும் செல்கள் இன்னும் அதற்குள் இருப்பவை. நுண்ணோக்கியில் முன்னவை 20, பின்னவை 120 என்று எண்ணினால், ஒன்றரையை 120-ஆல் பெருக்கி 20-ஆல் வகுக்க, எஸ் கட்டத்தின் நீளம் 9 மணி நேரம் என்று கிடைக்கும்.